கடகம் நிறைய அரிசி

எங்கள் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கென்று புதிதாக ஒரு சிகிச்சை அறை திறந்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பழசு என்று என்னையும் மறக்காமல் கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். கூரையிலிருந்து தொங்கும் ஊஞ்சல்கள், நிறநிறமான பந்துகள் நிறைந்த தொட்டி, மெத்தென்ற தரை, போதாததற்குக் குளிரூட்டி வேறு. நாங்கள் வேலை செய்த காலத்தில் இதில் ஒன்றுகூட இருக்கவில்லை. முதலில் வயிறெரிந்தது, பிறகுதான் சந்தோஷம் வந்தது.

அறையின் மூலையில் பனையோலையால் பின்னிய கூடை, ஒரு கடகம், இருந்தது. விளிம்பைச் சுற்றி வெள்ளைத் துணி வைத்துத் தைத்திருந்த, பழுப்பேறிய பெரிய கடகம். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஒரு பிள்ளை, நல்ல கெட்டிக்காரி, என்னிடம் வந்து கேட்டாள்.

"சேர், உந்தக் கடகத்தை எறிஞ்சால் என்ன? அறையின்ரை வடிவையே கெடுக்குது. ஆர் கொண்டந்து வைச்சதெண்டும் இஞ்சை ஒருத்தருக்கும் தெரியேல்லை."

"எறிஞ்சு பார், தெரியும்," என்றேன். கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன் போலும், பிள்ளையின் முகம் சுருங்கிப் போயிற்று. மேடையில் ஏறி ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். வாழ்த்துச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். கடகத்தின் கதையை மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையில் சொல்ல முடியாது. அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். பிள்ளை, இது உனக்குத்தான். மற்றவர்கள் வாசித்தால் எனக்கு ஆட்சேபனை இல்லை.

நான் தொழில்வழிச் சிகிச்சையாளனாக வேலை பார்த்தவன். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, சான்றிதழ்க் கட்டோடு வேலை கேட்டு வந்த இளைஞர்கள் எத்தனையோ பேர். நோயோ காயமோ குறைபாடோ வந்தவர்கள் தங்கள் அன்றாடக் காரியங்களைத் தாங்களே செய்ய உதவுவதுதான் எங்கள் வேலை என்று விளங்கப்படுத்துவேன். "அப்ப வேலை இல்லையோ?" என்று திரும்பவும் கேட்டுவிட்டுப் போவார்கள். கொழும்பில் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எலும்புகளின் பெயரையும் நரம்புகளின் பெயரையும் பாடமாக்கினேன், கடைச் சாப்பாட்டால் வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன், ஊருக்குத் திரும்பினேன். பிறகு வந்த வருடங்கள் முழுக்கக் கைகளோடுதான் போயின. யுத்தம் சிதைத்த கைகள். ஒற்றைக் கையால் சாரம் உடுக்கவும், இல்லாத விரல்களோடு கரண்டி பிடிக்கவும் பழக்கினேன். அதிலேயே காலம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தபோது என்னைப் பிள்ளைகளின் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே மிஸ் இருந்தார்.

மிஸ் எங்கள் பிரிவின் தலைவி. மூத்த சிகிச்சையாளர். ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டரிலிருந்து கூட்டித் துடைப்பவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் மிஸ்தான். ஒல்லியான ஆள், குரல் அதிலும் ஒல்லி. பிள்ளைகள் உட்காரும் குட்டி மர வாங்கில்தான் எப்போதும் இருப்பார். தன்னுடைய கைபிடி வைத்த கதிரையை வருகிற தாய்க்குக் கொடுத்துவிடுவார். அதனால் அவரோடு கதைக்க வேண்டுமென்றால் நாங்கள் குனிய வேண்டும் அல்லது நிலத்தில் குந்த வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையையும் "நீங்கள்" என்றுதான் சொல்வார். என்னைத்தான் "நீ" என்பார்.

அவருடைய அறையில் சில சட்டங்கள் இருந்தன. வருகிற பிள்ளையை நாங்கள் முதலில் தொடக் கூடாது. கன்னத்தைக் கிள்ளுவது, தலையைத் தடவுவது, "வாங்கோ குஞ்சு" என்று தூக்குவது எல்லாம் தடை. கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பிள்ளை எப்படி உள்ளே வருகிறது என்று பார்க்க வேண்டும். பாயில் கால் வைக்கிறதா, விலத்திப் போகிறதா? சுவரோரமாக வருகிறதா? மின்விசிறியை நிமிர்ந்து பார்க்கிறதா? எதை முதலில் தொடுகிறது, எந்த விரலால் தொடுகிறது? பார்த்து முடியும்வரைக்கும் வாய் திறக்கக் கூடாது. நான் மறந்துபோய் ஒரு பிள்ளையை எட்டித் தொடப் போனால், "கை நீளுது," என்பார். அவ்வளவுதான். என் கை தானாகவே மடிக்கு வந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அவர் தாய்மாரிடம் கேட்கும் கேள்வி. பிள்ளை எதற்கு அழுகிறது என்று ஊரெல்லாம் கேட்கும். மிஸ் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. "பிள்ளை எப்ப அழாது?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். தாய் யோசிக்க எடுக்கிற நேரம் முழுக்க அவரும் அசையாமல் இருப்பார். எனக்குப் பொறுமை பிறவியிலேயே இல்லை. அந்த அமைதியில் எனக்குக் கால் துடிக்கும்.

அப்படி ஒரு சித்திரை மாதத்தில்தான் மிதுசா வந்தாள்.

வட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பம். வெங்காயம், புகையிலை, மழைக்காலத்தில் நெல். தகப்பன் கேதீஸ் சொந்தமாக லான்மாஸ்ரர் என்கிற சின்ன உழவு இயந்திரம் ஒன்று வைத்திருந்தார். தாய் சுபாசினி, குனிந்த தலை நிமிராத பெண். மிதுசா ஒரே பிள்ளை, வருகிற தையில் முதலாம் வகுப்புக்குப் போக வேண்டிய வயது. முன்பள்ளியில், இனிக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் தள்ளிவிடுகிறாள், பசை தொடமாட்டாள், கைதட்டினால் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறாள் என்று முறைப்பாடு. பிள்ளைகளுக்கான பெரிய டொக்டர் காது, கண், பேச்சு எல்லாம் வடிவாகச் சோதித்து, அவற்றில் பிழையில்லை என்று கண்டு, எங்களைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்.

மிதுசா சட்டையை மறுபக்கம் போட்டிருந்தாள். தையல்களும் நூல் நுனிகளும் வெளியே தெரிந்தன. வெளியில் காத்திருந்தபோது ஒரு தாதி, "என்ன பிள்ளை, அவசரத்திலை சட்டையை மாறிப் போட்டிட்டியள்," என்று சொல்லிச் சிரித்ததும், சுபாசினி பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதும் எனக்குக் கேட்டது, தெரிந்தது. பிள்ளை உள்ளே வந்தாள். பாயை விலத்தினாள். விளையாட்டுச் சாமான்கள் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே மேசைக்குக் கீழே போனாள். அங்கே கை கால் பயிற்சிக்கு நாங்கள் பாவிக்கும் மண் நிரப்பிய பாரப் பைகள் கிடந்தன. அதில் பெரிதாக ஒன்றை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் காலுக்குமேல் போட்டாள். பிறகு பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடினாள்.

மிஸ் என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"பிள்ளை எப்ப அழாது?"

"இவள் எப்பவும் அழுவாள் மிஸ்," என்று முந்திக்கொண்டார் கேதீஸ். அவர் கதிரையில் இருக்கவில்லை, கதவடியில் சாய்ந்து நின்றார். "தாய் குடுக்கிற செல்லம். ரெண்டு அடி போட்டால் சரிவந்திடும். இவள் விடமாட்டாள்."

"உங்களை நான் பிறகு கேக்கிறன் தம்பி. இப்ப அவ யோசிக்கட்டும்."

நாங்கள் இருந்தோம். என் கால் துடித்தது. சுபாசினி கணவனைப் பார்த்தாள், மேசைக்குக் கீழே பார்த்தாள், பிறகு மிகவும் மெதுவாகச் சொன்னாள்.

"தோட்டத்திலை தண்ணி இறைக்கேக்கை அழமாட்டாள் மிஸ். பம்பிலையிருந்து விழுற தண்ணிக்கு முதுகைக் குடுத்துக்கொண்டு நிப்பாள். அது பெரிய ஆக்களுக்கே நோகும். இவள் சிரிப்பாள். ஆனால் மழை தூறினால் ஒரு துளிக்குக் கத்துவாள். நான் யோசிச்சுப் பாத்தனான். ரெண்டும் தண்ணிதானே?"

"ம்."

"துவாயாலை ஒத்தி ஒத்தித் துடைச்சால் அழுவாள். அழுத்தித் துடைச்சால் பேசாமல் நிப்பாள். வெங்காயச் சாக்குக்கு நடுவிலை போய்ப் படுப்பாள். ஆரும் கிட்ட வந்து மெல்லமாத் தொட்டால்தான் மிஸ் அவளுக்கு ஏலாது. இறுக்கிப் பிடிச்சால் பிரச்சினை இல்லை. சட்டையின்ரை தையல் உரசினாலும் அழுவாள். அதாலைதான் மாறிப் போட்டுவிடுறனான். எல்லாரும் எனக்கு விசர், பைத்தியமெண்டு சொல்லீனம்."

மிஸ் வாங்கிலிருந்து எழுந்து வந்து அவள் முன்னால் நிலத்தில் இருந்தார்.

"பிள்ளை, இதைக் கண்டுபிடிச்சது நீங்கள். நாங்கள் இதுக்குப் பேர் மட்டுந்தான் வைக்கப்போறம்."

சுபாசினி அழுதாள். நானும் மூக்கை உறிஞ்சினேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அத்தனை வருட வேலையில் ஒரு தாய் தன் பிள்ளையை அவ்வளவு துல்லியமாகப் பார்த்துச் சொன்னதை நான் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். தொடுகை, சத்தம், வெளிச்சம், மணம் என்று புலன்கள் கொண்டுவருகிற எல்லாவற்றையும் மூளை வகைபிரித்து, இது முக்கியம், இது வேண்டாம் என்று ஒதுக்கிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் போட்டிருக்கிற சட்டை உடம்பில் உரசுவது நமக்கு ஞாபகத்தில் இருப்பதில்லை. சில பிள்ளைகளுக்கு அந்த ஒதுக்கும் வேலை சரியாக நடப்பதில்லை. மெல்லிய தொடுகையும் திடீர்ச் சத்தமும் அளவுக்கு மீறிப் பெரிதாகப் போய்ச் சேருகின்றன. ஆழமான அழுத்தம் அதே பிள்ளைகளை அமைதிப்படுத்துவதும் உண்டு. பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். மருந்து கொடுத்து மாற்றுகிற காரியம் அல்ல. பிள்ளையைப் புரிந்துகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம்.

இதை மிஸ் விளக்கிச் சொன்னார். கேதீஸ் தலையாட்டவில்லை.

"உது ஏதும் நோய் வருத்தமோ, வெறும் பிடிவாதமோ? எனக்கு உதைச் சொல்லுங்கோ."

மிஸ் மேசையில் கிடந்த தும்புத் துண்டிலிருந்து ஒரு இழையை எடுத்துக்கொண்டு, கதவை மூடப் போகிறவர் போல எழுந்து போய், கேதீசின் பின்கழுத்தில் அதன் நுனியால் மெல்லத் தொட்டார். மனிதர் துள்ளி விழுந்து, படார் என்று கழுத்தில் அடித்துக்கொண்டார்.

"எறும்பெண்டெல்லோ நினைச்சன்!"

"உங்களுக்குக் கழுத்திலை, ஒருக்கா. அவவுக்கு உடம்பு முழுக்க, விடிஞ்சதிலையிருந்து படுக்கிற வரைக்கும். நீங்கள் அடிச்சனீங்கள். அவ தள்ளிவிடுறா."

கேதீஸ் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு அவர் மனதில் உண்மையாகக் கிடந்தது வெளியே வந்தது. போன விஜயதசமிக்கு ஊர்ப் பிள்ளையார் கோயிலில் மிதுசாவுக்கு ஏடு தொடக்கப் போயிருக்கிறார்கள். தட்டில் பரப்பிய பச்சையரிசியில் ஐயர் அவளுடைய விரலைப் பிடித்து 'அ' எழுதப் போக, அவள் கத்தி உதறித் தட்டையே உதைத்துக் கொட்டிவிட்டாள். அரிசி சனத்தின் காலடியில் சிதறியது. இந்தப் பிள்ளைக்குப் படிப்பு இல்லை என்று யாரோ சொன்னது கேதீசின் காதில் விழுந்தது. தைப்பூசத்துக்கு இன்னொரு கோயிலுக்குக் கொண்டுபோய், இந்த முறை தானே அவளுடைய கையை அமத்திப் பிடித்திருக்கிறார். பிள்ளை மூச்சு நின்று நீலம் பாரித்துப் போனாள். அதற்குப் பிறகு கோபுரத்தைக் கண்டாலே தாயின் தோளில் ஏறிவிடுவாளாம்.

"ஏடு தொடக்காமல் நான் பள்ளிக்கூடம் விடமாட்டன்," என்றார். "எங்கடை குடும்பத்திலை அப்பிடி ஒருத்தரும் போனதில்லை. வாற விஜயதசமிக்கு எழுதினால் தையிலை பள்ளிக்கூடம். இல்லாட்டி வன்னிப் பக்கம் இப்பிடியான பிள்ளையளை வைச்சுப் பாக்கிற இடம் ஒண்டு இருக்கு, கதைச்சு வைச்சிருக்கிறன்."

சுபாசினியின் முகத்தைப் பார்த்தேன். அவர் கதைத்து வைத்திருந்தது அவளுக்கு அந்த நேரம்தான் தெரிய வந்தது. அவர் சொன்ன இடத்தில் நல்ல மனிதர்கள் இருந்தார்கள், எனக்கும் தெரியும். ஆனால் அது மிதுசாவுக்கான இடம் இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது வீடும் வகுப்பும்தான்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அரிசியில் விரல் வைப்பதற்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தேன். மிஸ் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடினேன். அவர்கள் போன பிறகு சொன்னார். "அந்த மனுசனுக்கு அரிசிதான் பள்ளிக்கூடத்தின்ரை கதவு. கதவை உடைக்காதை. பூட்டுக்குத் திறப்பைத் தேடு."

அன்றிலிருந்து மிதுசா என் பொறுப்பு.

முதலில் உடம்புக்குப் பாரமான வேலை. பாரப் பைகளை ஏற்றிய தள்ளுவண்டியை அவள் தள்ள வேண்டும். ஆஸ்பத்திரியின் நீண்ட நடைபாதையில் அவள் அதைத் தள்ளிக்கொண்டு வர, நான் போக்குவரத்துப் பொலிஸ்காரன் போல முன்னால் சனத்தை விலக்கிக்கொண்டு போவேன். பெரிய டொக்டரே ஒருநாள் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார். வீட்டில் வாளியில் தண்ணீர் சுமப்பது, ஈரத் துணி முறுக்கிப் பிழிவது, பாயில் உருட்டிச் சுற்றி மேலால் அழுத்துவது. அழுத்தம் எவ்வளவு வேண்டும் என்பதை அவளேதான் சொல்வாள். "இன்னும்" என்றால் இன்னும், "காணும்" என்றால் போதும், நிறுத்திவிட வேண்டும். அந்த இரண்டு சொல்லையும் மீறக் கூடாது என்பது மிஸ்ஸின் சட்டம். தன் உடம்பு தன் சொல் கேட்கிற இடம் ஒன்று இருக்கிறது என்று பிள்ளைக்கு விளங்கிய நாளிலிருந்து அழுகை பாதியாகக் குறைந்தது.

கை மட்டும் இடக்குப் பண்ணியது. ஒரு தட்டில் மணலைப் பரப்பி வைத்தால் கதவடிக்கு ஓடினாள். பயறு வைத்தால் அழுதாள். அரிசியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

திறப்பைத் தேடி எடுத்தது திரும்பவும் சுபாசினிதான். ஒருநாள் எனக்குப் போன் எடுத்தாள்.

"சேர், உழுந்துச் சாக்கு வாய் திறந்து கிடந்தது. இவள் முழங்கை வரைக்கும் கையை உள்ளை விட்டுக்கொண்டு நிக்கிறாள். எடுக்கிறாள் இல்லை. சிரிக்கிறாள் சேர்!"

போனை வைத்ததும் எனக்கு விளங்கிற்று. மழைத்துளியும் பம்புத் தண்ணீரும்! அந்தத் தாய் முதல் நாளே சொல்லிவிட்டாள். தட்டில் மெல்லியதாகப் பரப்பினால் அது தூறல். சாக்கு நிறைய இருந்தால் அது பம்பு. மேலால் உரசுகிறபோதுதான் அவளுக்கு ஏலாது. ஆழமாக உள்ளே போனால் தானியம் கையைச் சுற்றி எல்லாப் பக்கமும் இறுக்கிப் பிடிக்கிறது. ஏடு தொடக்கும்போது செய்வது என்ன? மெல்லிய அரிசிப் பரப்பு, அதற்கு மேல் விரல் நுனி, அதையும் இன்னொருவர் பிடித்து இழுப்பது. அவளுக்கு ஆகாத மூன்றையும் சேர்த்து ஒரே தட்டில் வைத்திருந்தோம்.

உழுந்திலிருந்து பயறு, பயறிலிருந்து அரிசி. அடுத்த கிழமைகளில் சுபாசினி வீட்டில் ஒரு பெரிய கடகத்தில் அரிசியை நிரப்பினாள். கடகத்தின் ஓலை விளிம்பு கையில் உரசும் என்று அவளே யோசித்து வெள்ளைத் துணி வைத்துத் தைத்தாள். மிதுசா அதற்குள் கையை விட்டு ஒளித்து வைத்த புளியங்கொட்டைகளைத் தேடி எடுத்தாள். எங்களுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம், ஒரே புளுகம்.

அந்தப் புளுகத்தில் மண் விழுந்தது. ஆடி, ஆவணியில் ஊரெல்லாம் திருவிழா. யாரோ வீதியில் கொளுத்திப் போட்ட சீனவெடி அவர்களுடைய வாசல் படலையடியில் வெடித்தது. மிதுசா முற்றத்தில் நின்றிருந்தாள். அதோடு எல்லாம் போயிற்று. கடகத்தைத் தொடவில்லை, என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள், சட்டையே போட மறுத்தாள். கேதீஸ் ஒரு சூட்கேஸ் வாங்கிவிட்டார் என்று சுபாசினி சொன்னாள். சிறிய சூட்கேஸ், பிள்ளைக்கு அளவானது. அதைச் சொல்லும்போது அவளால் அழக்கூட முடியவில்லை.

"திரும்பத் தொடங்கு," என்றார் மிஸ். "தள்ளுவண்டியிலையிருந்து."

தொடங்கினோம். புரட்டாசி பிறந்தது. ஒருநாள் காலையில் நான் அறையைத் திறக்க வரும்போது வாசலில் கேதீஸ் நின்றார், தனியாக. முடிந்தது, சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"சேர், நேற்றுப் பின்னேரம் பிள்ளையை லான்மாஸ்ரரிலை வைச்சுக் கூட்டிக்கொண்டு வந்தனான். பாதி வழியிலை மழை தூறத் தொடங்கீட்டுது. கத்தப்போறாள் எண்டு நினைச்சிட்டு, வெறும் சாக்கு ரெண்டை எடுத்து அவளைச் சுத்தி, வண்டியை விட்டிட்டு, என்ரை நெஞ்சோடை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு ஓடினன். சேர், அவள் அழேல்லை. என்ரை கையைப் பிடிச்சு, 'இன்னும் அப்பா, இன்னும்' எண்டாள்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தைப்பூசத்தண்டு நான் அவளை அமத்திப் பிடிச்சதும் இந்தக் கையாலைதான். சுபா படிச்சுப் படிச்சுச் சொன்னவள். எனக்கு நேற்றுத்தான் தெரிஞ்சுது. என்ரை பிள்ளை எனக்கு நேற்றுத்தான் தெரிஞ்சுது சேர்."

நான் அவரைக் கட்டிப் பிடித்தேன். நல்ல இறுக்கமாகத்தான்.

விஜயதசமிக்கு முன்னால் சுபாசினி தனியாகப் போய் ஐயரோடு கதைத்தாள். குனிந்த தலை நிமிராத பெண் என்று சொன்னேனே, அவள்தான். தட்டுக்குப் பதிலாகக் கடகம் வைக்க வேண்டும், பிள்ளையின் விரலை யாரும் பிடிக்கக் கூடாது, அந்த நேரத்துக்கு மணி அடிக்கக் கூடாது, இவ்வளவும் கேட்டிருக்கிறாள். ஐயர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அரிசிதானே பிள்ளை. தட்டெண்டால் என்ன, கடகமெண்டால் என்ன? பிள்ளையார் கோவிக்கமாட்டார். சனம் வரமுந்தி விடிய வெள்ளணக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றாராம்.

நானும் மிஸ்ஸும் போயிருந்தோம். வெள்ளணத்தான் போனோம், ஆனால் எங்களுக்கு முன்னமே ஆட்கள் பிள்ளைகளோடு வரிசையில் இருந்தார்கள். மிதுசா புதுப் பச்சைப் பட்டுச் சட்டை போட்டிருந்தாள். தையல் வெளியே தெரிந்தது. சனம் பார்த்தது. ஒருத்தி கேதீசிடமே கேட்டாள், "என்ன கேதீஸ், நல்ல நாளிலை பிள்ளைக்குச் சட்டை மறுபக்கம்?" என்று.

"நான்தான் அப்பிடிப் போட்டுவிட்டனான். அவளுக்கு அதுதான் சுகம்," என்றார் கேதீஸ். சத்தமாகவே சொன்னார்.

கடகத்தைச் சுபாசினி தன் தலையில் சுமந்து வந்து மண்டபத்தில் இறக்கினாள். விளிம்பு வரைக்கும் பச்சையரிசி. கேதீஸ் சம்மணமிட்டு இருந்து பிள்ளையை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக அணைத்துக்கொண்டார். ஐயர் மந்திரத்தை மெல்லிய குரலில் சொன்னார். பிறகு கையைத் தூரத்திலேயே வைத்துக்கொண்டு, "எழுதுங்கோ அம்மா," என்றார்.

மிதுசா அரிசியைப் பார்த்தாள். விரலை நீட்டினாள், அரிசியில் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். நான் என்னையறியாமல் ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"கை நீளுது," என்றார் மிஸ்.

"இன்னும் அப்பா," என்றாள் மிதுசா. கேதீஸ் இன்னும் இறுக்கினார். அவள் மூச்சை இழுத்து விட்டாள். பிறகு ஐந்து விரலையும் விரித்து, மணிக்கட்டு மறையும்வரை கையை அரிசிக்குள் விட்டாள். முகம் மலர்ந்தது. கை உள்ளே புதைந்தபடியே நகர்ந்தது. ஏர் போன வழிபோல ஆழமான சால் விழுந்தது. சுற்றி வளைத்து, கீழே இறக்கி, பக்கத்தில் ஒரு கோடு. வீட்டில் தாய் காட்டிக் கொடுத்த 'அ'. அந்த மண்டபத்தில் அவ்வளவு பெரிய 'அ' யாரும் எழுதியிருக்கமாட்டார்கள்.

சுபாசினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கேதீஸ் பிள்ளையின் தலைக்கு மேலால் அவளைப் பார்த்து, சனத்தின் முன்னால், "சுபா, நீ சொன்னதுதானடி சரி," என்றார். மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் கழற்றினார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. மிதுசாவுக்கு ஆகாது என்பதால் இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்து அமுக்கிக்கொண்டேன். வாழ்க்கையில் அப்படி ஒரு வெற்றியை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

தையில் அவள் பள்ளிக்கூடம் போனாள். ஆசிரியையிடம் சுபாசினி முன்கூட்டியே எல்லாம் சொல்லி வைத்திருந்தாள். பிரச்சினைகள் வந்தன, இன்றைக்கும் சிலது இருக்கின்றன, அவளும் அவற்றோடு வளர்ந்து படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். சூட்கேசில் இப்போது கேதீஸ் லான்மாஸ்ரர் திருத்தும் குறடு, சுத்தியல்களைப் போட்டு வைத்திருக்கிறார்.

ஆனால் பிள்ளை, கடகத்தைச் சுபாசினி எங்கள் அறைக்குத் தந்தது ஏன், அதை ஏன் எறியக் கூடாது என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. அன்று மிதுசா எழுதி முடிந்தும் கையை எடுக்கவில்லை. அடுத்ததாக இருந்த சின்னப் பெண்பிள்ளை தட்டைக் கண்டதும் வீறிட்டு அழத் தொடங்கினாள். தாய் அவளுடைய விரலைப் பிடித்து இழுக்க, அவள் உடம்பை வில்லாக வளைத்தாள். மிதுசா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தகப்பனின் மடியிலிருந்து இறங்கி, அந்தப் பாரமான கடகத்தைத் தன் பலம் எல்லாவற்றையும் சேர்த்து அந்தப் பிள்ளைக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போய் வைத்தாள்.

"மேலாலை தொட்டால்தான் நோகும்," என்றாள். "உள்ளை விடு. உள்ளை விட்டால் நோகாது."

அழுத பிள்ளை கையை உள்ளே விட்டாள். அழுகை நின்றது.